தட்டில் வைத்த கடல்கன்னி

என் சித்தப்பாவிடம் ஒரு ஆல்பம் இருக்கிறது. தடித்த நீல அட்டை போட்டது. உள்ளே வட்ட வட்டமாகக் குழிகள், குழிக்கு ஒரு காசு. எல்லாமே கடல் சம்பந்தப்பட்டவை. சுறா, ஆமை, கடல்குதிரை, கப்பலைச் சுற்றி வளைக்கும் பூதம், மாலுமிகளைப் பாடியே மயக்கும் பேய்ப்பெண் என்று ஒவ்வொன்றிலும் ஒன்று. கடையில் கொடுத்துச் சாமான் வாங்குகிற காசுகள் இல்லை இவை. ஏதோ ஒரு விசேஷத்தின் நினைவாக அந்தந்த நாட்டு அரசாங்கங்கள் கொஞ்சமாக அடித்து, ஆசைப்பட்டவர்களுக்கு விற்பவை. வாங்கியவர்கள் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவுதான். பார்த்துக்கொண்டே இருப்பதற்குக் காசு கொடுத்துக் காசு வாங்குவதா என்று எங்கள் வீட்டில் இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை.

அந்த ஆல்பத்தில் ஒரே ஒரு குழி மட்டும் காலி. அது காலியானபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். தட்டைப் பிடித்திருந்தவளே நான்தான்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அப்பாவுக்குத் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் வேலை. ஒரு நாள் லீவு கிடைத்தாலும் வைத்திக்குப்பத்தில் இருக்கும் அம்மாவின் பிறந்த வீட்டுக்கு ஓடிவிடுவேன். அங்கே அம்மாவின் அண்ணனான பெரிய மாமா, அவர் மனைவியான அத்தை, அம்மாவின் தங்கையான சித்தி என்று மூன்று பேர். தாத்தா போன பிறகு அந்த வீட்டில் மாமா சொன்னதுதான் சட்டம். என்ன சொல்ல வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக்கொடுப்பவர் அத்தை. மாமாவிடம் ஒரு ஃபைபர் படகு இருந்தது. படகு மாமாவுடையது, அதில் மாட்டியிருந்த எஞ்சின் அத்தையின் தம்பி வாங்கிப் போட்டது. இருவரும் சேர்ந்துதான் தொழிலுக்குப் போவார்கள். அந்தத் தம்பிக்கே சித்தியைக் கட்டிக்கொடுத்துவிட்டால் படகும் எஞ்சினும் பிரியாது என்று அத்தை கணக்குப் போட்டிருந்தார். மாமாவும் தலையாட்டியிருந்தார். சித்தியை யாரும் கேட்கவில்லை, எஞ்சினைக் கேட்காதது மாதிரியே.

அந்த வருஷ மாசி மகத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு, தெருக்கோடியில் எப்போதும் பூட்டிக் கிடக்கும் சொல்தா வீடு திறந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அந்த வீட்டுப் பெரியவர் எப்போதோ குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்விட்டார். இப்போது வந்திருந்தது அவருடைய மகன். எங்கள் ஜனம்தான், முறையும் ஒத்துவரும். ஆனால் அவர் பேசிய தமிழ் அவருடைய அம்மா ஊரைவிட்டுப் போன அன்றோடு நின்றுபோன தமிழ். குப்பத்துப் பிள்ளைகள் அவர் வாயைத் திறந்தாலே சிரிக்கும்.

அவருக்கு ஒரே வேலைதான். அந்த நீல ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போவார், வலை பிரிப்பவர்களிடம் ஒவ்வொரு காசாகக் காட்டி, இதற்கு நம் ஊரில் என்ன பெயர், இதைப் பற்றி என்ன கதை என்று கேட்பார். ஆமைக் காசைக் காட்டியபோது ஒரு பெரியவர் கும்பிட்டுவிட்டார். வலையில் ஆமை விழுந்தால் மஞ்சள் குங்குமம் வைத்துக் கடலிலேயே விட்டுவிடுகிற ஊர் எங்களுடையது. அதைக் கேட்டுச் சொல்தா வீட்டுக்காரர் ஆடிப்போய்விட்டார். அந்த ஊரில் அதைக் காசில் அடிக்கிறார்கள், இந்த ஊரில் பொட்டு வைக்கிறார்கள் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கதை கேட்டு எங்கள் வீட்டுக்கும் வந்தார். அவரிடம் இருந்ததிலேயே அழகான காசு கடல்கன்னி. வெள்ளியில் அடித்து, வாலுக்கு மட்டும் பச்சை வண்ணம் கொடுத்திருந்தது. பாறைமேல் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருப்பாள். விரல் பட்டால் மங்கிவிடும் என்று கண்ணாடிபோல் இருந்த ஒரு பிளாஸ்டிக் டப்பிக்குள் வைத்திருந்தார். சித்தி அதைப் பார்த்ததுமே எங்கள் கன்னிமாருக்கு வால் கிடையாது என்று சொல்லிவிட்டது. ஏழு கன்னிமாரும் விடியலில் கடலில் குளிக்க இறங்கினார்களாம். ஆறு பேர் கரையேறிவிட்டார்கள். ஏழாவது கன்னி மட்டும் தலையைத் துவட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாளாம். அவள் ஏன் ஏறவில்லை என்று அவர் கேட்டார்.

"யாருனா பேர் சொல்லிக் கூப்ட்டாத்தான் ஏறுவா. யாரும் கூப்டல" என்றது சித்தி.

அதற்குப் பிறகு இருவரும் பிரெஞ்சில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். சித்தி பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு எடுத்துப் படித்தது. பரீட்சைக்கு மட்டும்தான் அந்தப் பாஷை என்று நான் நினைத்திருந்தேன். அதில் சிரிக்கவும் முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அன்றிலிருந்து கதைகளும் தீரவில்லை, காசுகளும் தீரவில்லை. மாமா வாசலில் உட்கார்ந்து வலையில் பொத்தல் அடைத்துக்கொண்டிருப்பார், நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்.

மாசி மகம் வந்தது. மயிலத்திலிருந்தும் திண்டிவனத்துப் பக்கத்திலிருந்தும் சாமிகளெல்லாம் டிராக்டரிலும் லாரியிலும் ஏறி எங்கள் கடலில் குளிக்க வரும் நாள். காலையிலிருந்தே தெருவில் மேளம். அன்றைக்கு எங்கள் வீட்டில் பெரிய சாப்பாடு. பஞ்சாயத்துப் பெரியவர்கள் வருகிறார்கள், அத்தையின் தம்பி வருகிறார். சாப்பாடு முடிந்ததும் பெரியவர்கள் முன்னால் அவர் சித்திக்குப் பரிசம் போடுவதாகப் பேச்சு. பரிசம் என்றால் வேறொன்றும் இல்லை. மாப்பிள்ளை வெற்றிலைத் தட்டில் தன் கையால் ஒரு காசு வைக்க வேண்டும். பெண்வீட்டார் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றி மடியில் கட்டிக்கொண்டால் பெண் கொடுத்ததாக அர்த்தம். சபையில் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தால் ஊர்த் தெய்வமான எல்லையம்மனையே திருப்பி அனுப்பியதாகும் என்பார்கள்.

அடுப்படிப் பக்கமே வராத மாமா அன்று காலையில் வந்து சித்தியிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அத்தை அப்போது கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

பெரியவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். தெருவில் போய்க்கொண்டிருந்த சொல்தா வீட்டுக்காரரை மாமாவே கூப்பிட்டு உட்காரவைத்தார். அத்தையின் தம்பி இன்னும் வந்திருக்கவில்லை. பஞ்சாயத்துப் பெரியவருக்குக் கடல்கன்னியைக் காட்டு என்றார் மாமா. அந்த நேரம் பார்த்துச் சித்தி என் கையில் வெற்றிலைத் தட்டைக் கொடுத்து அனுப்பியது. நான் போய் நின்றேன்.

"கையில குடுக்காத தம்பி, எல்லாம் மீன் புடிச்ச கை. தட்டுல வையி" என்றார் மாமா.

சொல்தா வீட்டுக்காரர் டப்பியோடு வைக்கப் போனார். மாமா விடவில்லை.

"பெரியவருக்குக் கண்ணு சரியாத் தெரியாது. டப்பி எதுக்கு? தொறந்து வையி."

வந்தவருக்கு மனசே இல்லை. பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் விடுகிற முகத்தோடு டப்பியைத் திறந்து, காசின் விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, வெற்றிலைமேல் வைத்தார். நான் தட்டைப் பெரியவரிடம் நீட்டினேன். பெரியவர் காசைப் பார்த்தார், வைத்தவரைப் பார்த்தார், தட்டை அப்படியே மாமா பக்கம் திருப்பிவிட்டார். மாமா கொஞ்ச நேரம் அந்தக் கடல்கன்னியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எடுத்தார், கண்ணில் ஒற்றினார், மடியில் செருகிக்கொண்டார்.

"இன்னாப்பா, பரிசம் வாங்கிட்ட?" என்றார் பெரியவர்.

"சபையில வச்சுட்டாங்களே, நான் இன்னா பண்ணுவேன்?" என்றார் மாமா.

உள்ளே ஒரு பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. அந்த நேரத்தில்தான் அத்தையின் தம்பி புதுவேட்டி கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். விஷயம் தெரிந்ததும் சாப்பிடாமலே போய்விட்டார். அத்தை மாமாவை ஒன்றும் சொல்ல முடியாமல் என்னைப் பிடித்துக்கொண்டார். "இந்தச் சனியன்தான் தட்டை எடுத்துக்கினு போச்சி" என்று அவர் அழுதபோது எனக்கு உயிரே போய்விட்டது. என் ஒருத்தியால் சித்தி வாழ்க்கை நாசமாகிவிட்டது. காசு காட்ட வந்த யாரோ ஒருத்தருக்கு வாழ்க்கைப்பட்டு, கண்காணாத தேசத்துக்குப் போகப்போகிறது.

கடற்கரைக்கு ஓடினேன். சாமிகள் வரிசையாக நின்றிருந்தன. ஒரு சாமி விடாமல் எல்லாச் சாமியிடமும் போய், அந்தத் தட்டைத் திருப்பி வாங்கிக்கொள் என்று வேண்டினேன். தேடிக்கொண்டு வந்த சித்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுதது. தெரியாமல் நீட்டிவிட்டேன் சித்தி என்று நானும் அழுதேன். அது என் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தது. அதன் துக்கம் என் துக்கத்தைவிடப் பெரிது, அதனால்தான் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சொல்தா வீட்டுக்காரர் வந்து, தயங்கித் தயங்கி, காசைக் கேட்டார்.

"காசு வேணுமா, பொண்ணு வேணுமா?" என்றார் மாமா, வலையிலிருந்து தலையைத் தூக்காமல். வந்தவர் முகம் சிவந்து, செருப்பை எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்ததும் நான்தான்.

கல்யாணம் நடந்தது. சித்தி பிரான்சுக்குப் போனது. இன்றும் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாசி மகத்துக்கு இருவரும் வருகிறார்கள். வரும்போதெல்லாம் சித்தப்பா ஆல்பத்தைத் திறந்து காலிக் குழியைக் காட்டி, அது ஒன்றுதான் குறைகிறது மச்சான் என்பார். பொண்ணைத் திருப்பிக் குடு என்பார் மாமா. கடல்கன்னி இன்னும் சாமி மாடத்தில்தான் இருக்கிறாள், மஞ்சள் அப்பி, பச்சை வால் மங்கிப்போய்.

காலேஜ் போன வயதில் எனக்கு லேசாக உறைத்தது. சித்திதான் திட்டம் போட்டு என்னிடம் தட்டைக் கொடுத்தது என்று முடிவுகட்டி, அதன் சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமைப்பட்டேன். போன மகத்துக்கு வந்திருந்தபோது கேட்டும் விட்டேன். சித்தி சிரிக்கவில்லை.

"எனக்கு ஏதுடி அவ்ளோ தைரியம்? காலைல உன் மாமாதான் வந்து சொல்லிட்டுப் போச்சி. தட்டைக் கொழந்தைகிட்ட குடுத்தனுப்பு, நீ வெளிய வராதன்னு. எதுக்குன்னு எனக்கே அப்பொறந்தான் தெரிஞ்சுது."

அத்தையின் தம்பி அந்த வாரமே ஆள் கூட்டி வந்து எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போனதும், மாமா படகை விற்றதும், அதற்குப் பிறகு பல வருஷம் இன்னொருவர் படகில் கூலிக்குப் போனதும் எனக்குத் தெரியும். படகு பழசாகிவிட்டது என்று வீட்டில் சொன்னார்கள், நம்பியிருந்தேன். உண்மையில் வேறு எஞ்சின் வாங்க வழியில்லாமல்தான் விற்றிருக்கிறார். தங்கை அடுத்தவரோடு சிரித்துப் பேசியதைத் தலை நிமிராமலே கேட்டுக்கொண்டிருந்த மனிதர், வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லாமல், தன் தொழிலையே அந்தத் தட்டில் வைத்திருக்கிறார்.

நான் மூன்றாம் வகுப்பு படித்த அந்த மகத்தன்று சாயங்காலம் சாமிகளெல்லாம் திரும்பிப் போன பிறகு மாமாவைக் கரையில் பார்த்தேன். மணலில் ஏற்றி வைத்திருந்த தன் படகின் பக்கத்தில் தனியாக நின்றிருந்தார். நான் கிட்டே போய், தெரியாமல் செய்துவிட்டேன் மாமா என்றேன். "நீ சரியாத்தான் கொண்டாந்த" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை, என்னைச் சமாதானப்படுத்துகிறார் என்று நினைத்தேன். அவர் கை படகின் பக்கவாட்டை முன்னும் பின்னுமாகத் தடவிக்கொண்டே இருந்தது. மணல் ஒட்டியிருக்கிறது, துடைக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, நானும் என் பாவாடை நுனியால் என் கைக்கு எட்டிய மட்டும் துடைத்துக் கொடுத்தேன்.