சிக்னல்மேன் கையில் எதைக் கட்டலாம்?

1. டாக்டரம்மா மூன்று முறை பார்த்தார்

எங்கள் இரும்பு யார்டில் வருடத்துக்கு ஒருமுறை மெடிக்கல் செக்கப் நடக்கும். போன வருடம் டாக்டரம்மா என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து மீட்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி மீட்டரைப் பார்த்தார். அடுத்து மேனேஜர் சுந்தரேசன் சார் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“ஏகாம்பரம், உங்களுக்கு என்ன வேலை?”

“சிக்னல்மேன் மேடம். கிரேனுக்குக் கீய நின்னுகினு கை காட்றது.”

“நடப்பீங்களா?”

“நிப்பேன் மேடம். நல்லா நிப்பேன்.”

அவர் சிரிக்கவில்லை. “மேல டன் கணக்குல இரும்பு தொங்குது. கீழ நிக்கிற நீங்க தலை சுத்தி விழுந்தா என்ன ஆகும்? மூணு மாசம் டைம் தர்றேன். பிரஷரும் வெயிட்டும் இறங்கணும். இல்லேன்னா இந்த வேலைக்கு ஃபிட்னு நான் எழுத மாட்டேன்” என்றார்.

மேனேஜர் தன் பங்குக்கு ஆறுதல் சொன்னார். “கவலைப்படாதய்யா. கேட்ல ஒரு சேர் போட்டுத் தர்றேன். லாரி நம்பரைப் பார்த்துக்கிட்டு உக்காந்திரு.”

புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கிரேன் ஆபரேட்டர் உயரத்தில், கண்ணாடி கேபினுக்குள் உட்கார்ந்திருப்பார். கீழே நாம் கத்துவது அவருக்குக் கேட்காது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் சிக்னல்மேனின் கை மட்டும்தான். தூக்கு என்பதற்கு ‘அபீஸ்’, இறக்கு என்பதற்கு ‘ஆரியா’ என்போம். ஹார்பர் ஆட்கள் கொண்டுவந்த சொற்கள். வாய் அதைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் கை சொல்லியாக வேண்டும்.

எங்கள் கேபினில் இருப்பவன் டில்லி. என் மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து என் கையைப் பார்த்துத்தான் கிரேன் ஓட்டுகிறான். டூட்டி நேரத்தில் எங்களுக்குள் சண்டையே வந்தது கிடையாது. ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்டால்தானே சண்டை வரும்? அப்படிப்பட்ட இடத்தை விட்டுவிட்டு கேட்டில் போய் உட்காருவதா? அன்று பஸ்ஸில் போகும்போது எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

2. காட்டுப்பள்ளிக்குப் போன வாட்ச்

டில்லிதான் யோசனை சொன்னான். “என் மச்சான் கையில வாட்ச் மாதிரி ஒண்ணு கட்டிகினு கீறான் மாமு. எத்தினி அடி நடந்தோம், நெஞ்சு எப்டி அடிக்குது, அல்லாத்தையும் அதுவே சொல்லுது. நீயும் ஒண்ணு வாங்கி மாட்டு. சொம்மா நடன்னா நீ எங்க நடக்கப் போற?”

ஞாயிற்றுக்கிழமை மனைவி மகேஸ்வரியுடன் வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி கண்ணாடி மேல் ஒரு டஜன் ஸ்மார்ட் வாட்சுகளைப் பரப்பினார்.

“ஹார்ட் ரேட் வேணுமா? தண்ணில நனையணுமா? ஸ்லீப் டிராக்கிங் இருக்கு, நீங்க தூங்குறதைக்கூடக் கண்டுபிடிச்சிரும்.”

“இந்த ஆளு தூங்குறதைக் கண்டுபுடிக்க மெஷின் எதுக்குப்பா? தெருவுக்கே கேக்குது” என்றாள் மகேஸ்வரி.

கடைசியில் நாங்கள் அழகைப் பார்த்துத்தான் வாங்கினோம். வெள்ளி போல மின்னும் வலைப்பட்டை. ஓட்டை கிடையாது, கொக்கி கிடையாது. நுனியில் காந்தம், சட்டென்று ஒட்டிக்கொள்ளும். இரும்பு மார்க்கெட்டில் வேலை செய்கிறவன் காந்தப் பட்டை வாங்குகிறானே என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்குக்கூட உறைக்கவில்லை.

மறுநாள் டீ டைமுக்குள் வாட்சுக்குத் தாடி முளைத்துவிட்டது. யார்டில் இருந்த இரும்புத் தூள் பூராவும் என் மணிக்கட்டில் குடியேறியிருந்தது. மதியம் ஒரு பீம் மேல் கை வைத்துக்கொண்டு மேனேஜரிடம் பேசினேன். பேசி முடித்துப் புறப்பட்டேன். கை வரவில்லை. “என்னய்யா, இன்னும் எதாவது சொல்லணுமா?” என்று கேட்டார். “ஆமா சார், வெயில் ஜாஸ்தியா கீது” என்று சொல்லிச் சமாளித்தேன்.

அன்று மாலை இரும்பு பிளேட் லோடு. பிளேட்டுகள் நேராக அடுக்கியிருக்கின்றனவா என்று தடவிப் பார்த்துவிட்டுக் கையை இழுத்தேன். கை வந்தது, வாட்ச் வரவில்லை. அது எனக்குத் தெரியவும் இல்லை. அபீஸ் காட்டினேன். டில்லி தூக்கினான். பிளேட்டோடு வாட்சும் லாரி ஏறிக் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போய்விட்டது.

சில நாள் கழித்து லாரி டிரைவர் செல்வம் அதைக் கையில் கட்டிக்கொண்டே வந்து இறங்கினான். “மேஸ்திரி, இது உன்னுதா? பிளேட்டாண்ட ஒட்டிகினு இருந்திச்சி. ஷோக்கா கீதேன்னு நாலு லோடு கட்டிகினு சுத்தினேன், கோச்சிக்காத.”

வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வாட்ச் என் போனோடு சேர்ந்ததும், அது வரை சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது. மகேஸ்வரி கையில் அப்போது பார்த்தா என் போன் இருக்க வேண்டும்?

“இன்னாய்யா இது? முந்தாநேத்து நடுராத்திரி நீ நடந்துகினு இருந்தேன்னு போட்டுகீது. சபாஷ்னு வேற சொல்லுது. அப்ப என் பக்கத்துல கொறட்டை வுட்டுகினு இருந்தது யாரு?”

நான் உண்மையைச் சொன்னேன். இந்த உண்மையை யார் நம்புவார்கள்? செல்வத்துக்கு போன் போட்டு, அவன் வாயாலேயே சாட்சி சொல்ல வைத்த பிறகுதான் சோறு வந்தது.

3. கை நடந்த தூரம்

அடுத்த வாரம் அதே வாட்சுக்கு ரப்பர் பட்டை மாற்றிக்கொண்டேன். இரும்புத் தொல்லை ஒழிந்தது. அதன் பிறகு ஒரு அதிசயம் நடந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே நான் அன்றைய நடையை முடித்துவிட்டேன். வாட்ச் திரையில் பட்டாசு வெடித்தது, கோப்பை வந்தது.

நான் நின்ற இடத்தை விட்டு அசையவே இல்லை. அபீஸுக்கு விரலைச் சுற்றினால் அது ஒரு அடி. ஆரியாவுக்குக் கையைத் தாழ்த்தினால் இன்னொரு அடி. லோடு அதிகமான நாட்களில் என் வலது கை திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை போய்வந்திருக்கும். இது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் மெஷினே பாராட்டும்போது வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. இவ்வளவு நடந்தவனுக்கு இன்னும் ரெண்டு வடை தின்ன உரிமை இல்லையா என்று தின்றேன்.

மாதக் கடைசியில் எடை மெஷினில் ஏறினேன். எடை கூடியிருந்தது. வாட்ச் நடந்தாய் என்றது, இடுப்பில் பூட்ட முடியாத பேண்ட் இல்லை என்றது. பேண்டைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

4. மேனேஜர் போன் மேலே போனது

நடந்ததிலேயே மோசமான விஷயம் இனிமேல்தான். ஆங்கிள் இரும்புக் கட்டு, அதாவது பண்டில் ஒன்றை லாரியில் இறக்கி வைத்தோம். கொக்கியில் மாட்டிய ஸ்லிங் கயிற்றை இன்னும் கழற்றவில்லை. மேனேஜர் லாரியில் ஏறி, அதில் கட்டியிருந்த எடை டேக்கைப் பார்த்தார். பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று தன் போனை பண்டில் மேலேயே வைத்தார். பார்த்துவிட்டு இறங்கினார். போன் இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து என் மணிக்கட்டு விர்ரென்று அதிர்ந்தது. ‘எழுந்து நடக்க நேரமாகிவிட்டது’ என்று ஏதோ வந்திருந்தது. கையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, மறு கை விரலால் திரையைத் தள்ளித் தள்ளிப் படித்தேன்.

இப்போது எங்கள் யார்டு சிக்னலைக் கேளுங்கள். ஒரு கையை நெஞ்சுக்கு நேராக அசையாமல் பிடித்து, அதன் மேல் மறு கை விரலைச் சின்னதாக ஆட்டினால், ‘மெதுவாகத் தூக்கு’ என்று அர்த்தம்.

டில்லி மெதுவாகத் தூக்கினான். அருமையாகத் தூக்கினான். ஒரு குலுங்கல் இல்லை. நான் படித்துக்கொண்டே இருந்தேன், அவன் தூக்கிக்கொண்டே இருந்தான். உச்சியில் போன் மணி அடித்த பிறகுதான் நான் நிமிர்ந்தேன். கீழே மேனேஜர், “ஏ, அது ஹெட் ஆபீஸ் ரிங்டோன்யா!” என்று கத்திக்கொண்டு இரண்டு கைகளையும் காற்றில் வீசிக் குதித்தார். அது எமர்ஜென்சி ஸ்டாப் சிக்னல் என்பது அவருக்கே தெரியாது. டில்லிக்குத் தெரிந்திருந்ததால் கிரேன் நின்றது. போனும் அங்கேயே நின்றபடி அடித்து ஓய்ந்தது.

நல்லவேளை, கீழே யாரும் இல்லை. போனும் உடையவில்லை. ஆனால் மேனேஜர் என்னைத் திட்டக்கூட இல்லை. “கேட்ல வெயில் அடிக்கும். ஒரு குடை வாங்கித் தர்றேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

5. யாருடைய கை

சாயங்காலம் டில்லி ஏணி வழியாக இறங்கி வந்தான். வாட்சைக் கழற்றி அவனிடமே நீட்டினேன். “இந்தப் பேஜாரு புடிச்சதே வேணாம்டா. கேட்டுக்கே போயிடறேன்.”

“நீ பாட்டுக்கு கேட்டுக்குப் பூட்டா நான் யார் கையப் பாக்கறது?” என்றான். வாட்சை என் பக்கமே தள்ளினான். பிறகு சொன்னான்: “டூட்டில உன் கையி உன்னுது இல்ல மாமு, என்னுது. அத்த மட்டுந்தான் பாத்துகினு நான் ஓட்டிகினு கீறேன். அதுல இன்னொரு மெஷின் பூந்து உன்னைக் கூப்டுச்சின்னா எப்டி? உனுக்குன்னு சொந்தமா காலு கீதே. அதுல கட்டிக்கோ.”

கட்டிய மனைவிகூட இத்தனை வருடம் என் கையை இப்படிக் கண் கொட்டாமல் பார்த்ததில்லை. இதை அவளிடமே சொன்னேன். “நானும் பாத்துகினு நின்னா சோறு யாரு ஆக்கறது?” என்றாள்.

அதிர்கிற சமாச்சாரத்தை செட்டிங்கில் நிறுத்தினோம். கணுக்காலில் பட்டை கடைசி ஓட்டையில்தான் நின்றது. “கல்யாணத்துல எனுக்குக் கொலுசு போடுறேன்னு சொன்ன ஆளு, கடசில தானே போட்டுகிச்சி” என்று மகேஸ்வரி தெரு பூராவும் சொல்லிச் சிரித்தாள். யார்டில் என்னை ‘கொலுசு மேஸ்திரி’ என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

கால் பொய் சொல்லவில்லை. முதல் நாள் மாலை அது காட்டியதைப் பார்த்தால், படுத்த படுக்கையாக இருப்பவர் என்று யாரும் நினைப்பார்கள். மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் பஸ் ஏறாமல் வீட்டுக்கு நடந்தேன். டில்லியும் கூடவே நடந்தான். உட்கார்ந்தே வேலை செய்பவன் அவன். அவனுக்கும் தொப்பை ஒன்றும் குறைச்சலில்லை. வழியில் வடைக் கடை வரும்போதெல்லாம், என் கால் அந்தப் பக்கம் திரும்பாமல் ஸ்டாப் சிக்னல் காட்டுவது மட்டும் அவனுடைய பொறுப்பு.

6. அபீஸ்

மூன்று மாதம் முடிந்து, பிரஷர் ஏறியிருந்தவர்களை மறுபடி பார்க்க டாக்டரம்மா வந்தார். வரிசையில் எனக்கு முன்னால் மேனேஜர். சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “எனக்கும் போன தடவை பிரஷர் ஏறித்தான் இருந்தது. நானும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எது நல்லது?”

“உங்க வேலையில எந்தக் கை சார் ஜாஸ்தி ஆடும்?”

அவர் யோசித்தார். எங்களை நோக்கி விரலை ஆட்டியே தேய்ந்த வலது கையைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“அப்ப நீங்களும் கால்லயே கட்டிக்கோங்க” என்றேன்.

பிள்ளைகளே, முதல்முறை இதை வாங்கப் போகும்போது கடைக்காரர் ஆயிரம் வசதி சொல்வார். நீங்கள் முதலில் உங்கள் வேலையைச் சொல்லுங்கள். எங்கே நிற்கிறீர்கள், எதைத் தொடுகிறீர்கள், உடம்பில் எது ஓயாமல் ஆடுகிறது என்று சொல்லுங்கள். பரோட்டா மாஸ்டர் இதைக் கையில் கட்டினால் கல்லை விட்டு நகராமலேயே ஊரைச் சுற்றிவிடுவார். பட்டாசு வெடித்தால் சந்தோஷப்படுங்கள், வடை மட்டும் வாங்காதீர்கள்.

டாக்டரம்மா காற்றடித்தார். மீட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மேனேஜரைப் பார்க்கவில்லை. “ஃபிட்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே ஓடி வந்தேன். மேலே கேபின் கண்ணாடியில் மூக்கை ஒட்ட வைத்துக்கொண்டு டில்லி கீழேயே பார்த்துக்கொண்டிருந்தான். கத்தினால் கேட்காது. கையை நேராக உயர்த்தி விரலைச் சுற்றினேன். அபீஸ்.

கொக்கியில் ஒரு லோடும் இல்லை. இருந்தாலும் டில்லி அந்த வெறும் கொக்கியை உச்சி வரை தூக்கி நிறுத்திவிட்டு, யார்டே திரும்பிப் பார்க்கும்படி ஹாரன் அடித்தான்.