முகமூடிக்குள் மூச்சு

யாங்கூன் பூகம்பத்தில் ஆடிய வருடம், மழைக்காலத்துக்கு முன்பு. போட்டாதாங் துறைமுகப் பக்கத்துக் கிடங்கொன்றில் பழைய கிரேக்க நாடகம் போட்டோம். அங்கே நான் மூட்டை சுமந்ததுண்டு, அது வேறு கதை. நான் கோரஸில் இருந்தேன். ஒரே மாதிரி முகமூடி கட்டி, ஒரே குரலாய்ப் பாடும் கூட்டம் அது. நாடகம் முடியும்வரை களத்தை விட்டு யாரும் வெளியேறக்கூடாது.

பாதியில் எனக்கு மூச்சிழுப்பு வந்தது. முகமூடிக் கட்டு பின்னால் இறுகியிருந்தது; கை எட்டவில்லை. பெட்டிக்குள் அடைத்ததுபோல் இருந்தது. கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். நாடகம் கெட்டது என்று நினைத்தபோது பக்கத்து முகமூடியும் உட்கார்ந்தது. பிறகு எல்லாருமே. பாட்டு நிற்கவில்லை. ஒரு கை என் கட்டைத் தளர்த்தியது.

"மெதுவா மூச்சு விடுங்க மாமா."

யாரென்று பிறகு கேட்டேன்.

"கோரஸ்ல யாரு எவருன்னு உண்டா மாமா?" என்று சிரித்தார்கள்.

அந்தக் கைக்காரரைப் பார்த்தால், இந்தக் கிழவன் நன்றாக மூச்சு விடுகிறான் என்று சொல்லிவிடுங்கள்.