முதுகுக்குப் பின்னால் நடக்கும் ஆட்டம்

இருமல் அண்ணனைக் கூட்டத்திலிருந்து எழுப்பிக் காவல்காரி சிலை வெளியே கொண்டுபோய் விட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கால்பந்து ஆட்டத்தின் முதல் பாதிகூட முடிந்திருக்கவில்லை. புதிய நோய் அப்போதுதான் வெளிநாட்டுச் செய்தியிலிருந்து உள்ளூர்ச் செய்தியாக மாறிக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான முகங்களுக்கு நடுவே ஒன்றிரண்டு முகக்கவசங்கள். மற்றவர்கள் அவற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த வாரம் அது.

சிலை என்பது அவளுடைய பெயரல்ல, உடன் வேலை செய்பவர்கள் வைத்தது. கால்பந்து அரங்கில் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. முதுகில் ‘பாதுகாப்பு’ என்று கொட்டை எழுத்தில் எழுதிய மஞ்சள் கோட்டைப் போட்டுக்கொண்டு, பதினான்காம் பிளாக்கின் படிக்கட்டு முடியும் இடத்தில், கம்பித் தடுப்போரம் நிற்பாள். பார்வை கூட்டத்தின் மேல், முதுகு மைதானத்தின் பக்கம். வேலைக்குச் சேரும் அன்றே மேற்பார்வையாளர் சொல்லிவிடுவார்: “ஆட்டம் பாக்கணும்னா டிக்கெட் வாங்கிட்டு வா. திரும்பிப் பாத்தே, அப்படியே வீட்டுக்குப் போயிடு.” மற்றவர்கள் கோல் விழும்போது ஓரக்கண்ணால் கொஞ்சம் திருடிக்கொள்வார்கள். இவள் அதுவும் செய்வதில்லை. இத்தனை வருடத்தில் ஒரு கோலைக்கூடக் கண்ணால் கண்டதில்லை.

ஆனால் எல்லாக் கோலையும் முகங்களில் பார்த்திருக்கிறாள். பந்து வலைக்குள் போவதற்கு ஒரு மூச்சுக்கு முன்னால் வாய்கள் எல்லாம் சேர்ந்து திறக்கும். அதைக் கண்டதும் காலை அகட்டி, கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். மேல் வரிசைகளில் இருப்பவர்கள் கீழே பாய்ந்து வரும் நேரம் அதுதான். “வாயைப் பாத்து வண்டி ஓட்டறேன்” என்பாள்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பேருந்தில் ஓட்டுநருக்கு முதுகைக் காட்டிப் பயணிகளைப் பார்த்தபடி நிற்பாள். சினிமாவுக்குப் போனால் பக்கத்து வரிசை அழுகிறதா சிரிக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கதையைச் சரியாகச் சொல்லிவிடுவாள். கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் மணப்பெண்ணைத் தேடமாட்டாள், வெளியே போகும் கதவு எங்கே என்று தேடுவாள். “என் பொண்டாட்டிக்கு டிவியே வேண்டாம், டிவி பாக்கற நான் போதும்” என்று ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை பார்க்கும் அவளுடைய கணவர் சொல்லிச் சிரிப்பார்.

இருமல் அண்ணன் பதினான்காம் பிளாக்கின் எட்டாவது வரிசை, ஓர இருக்கை. தச்சு வேலை. முதல் நாள் அவர் இருமியபோது சிலை தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். “தண்ணிக்கெல்லாம் அடங்காது தங்கச்சி. உள்ள ஒரு மரக்கடையே இருக்கு. முப்பது வருஷத் தூள்” என்றார். அன்றைக்கே அவருக்கு ஒரு சந்தேகம். “ஏம்மா, உனக்குப் பின்னால என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியவே தெரியாதா?” தெரியாது என்றாள். “இது என்ன அநியாயம்! சமையல்காரருக்குச் சோறு கிடையாதுங்கற கதையா இல்ல இருக்கு!”

அதிலிருந்து அவரே அவளுக்குக் கண்ணானார். நம் அணி கோல் போட்டால் உள்ளங்கையைத் தலையுச்சியில் வைப்பார். எதிரணி போட்டால் காதைப் பிடித்துக்கொள்வார். நடுவர் தப்பாகத் தீர்ப்புச் சொன்னால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைப்பார். புரிந்தது என்பதற்கு அவள் கோட்டுப் பையை இரண்டு முறை தட்டுவாள். அவ்வளவுதான் இருவருக்கும் இடையிலான பேச்சு. பெயரைக் கேட்டுக்கொண்டதில்லை. நாலு வருடம் இப்படி ஓடியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கம்போல்தான் இருமினார். இருக்கைகளின் முதுகில் ஒரு கைபேசி எண் ஒட்டியிருக்கும். தொந்தரவு ஏதாவது என்றால் பிளாக்கையும் வரிசையையும் குறிப்பிட்டு அதற்குச் செய்தி அனுப்பலாம். கன்ட்ரோல் அறையில் ஒருவர் உட்கார்ந்து அவற்றைப் படித்து வாக்கி-டாக்கியில் சொல்லுவார். அவரையும் எல்லோரும் கன்ட்ரோல் என்றுதான் அழைப்பார்கள்.

“பதினாலு, எட்டாவது வரிசையில ஒருத்தர் ரொம்ப இருமுறாராம். மெசேஜா வந்து கொட்டுது. கூட்டிட்டுப் போய் வெளிய விட்டுடு.”

அவர் எப்போதும் இருமுகிறவர், அது மரத்தூள் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முன் வரிசைக்காரர்கள் சட்டைக் காலரை மூக்குக்கு மேல் இழுத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வையில் இருந்த பயம் அவளையும் தொட்டுவிட்டது. அவள் படியேறிப் போனாள்.

“அண்ணா, கொஞ்சம் வெளியில வர்றீங்களா?”

“வாயை மூடிக்கிட்டு உக்காந்துக்கறேனே தங்கச்சி.”

“மேலேருந்து சொல்றாங்கண்ணா.”

மனிதர் எழுந்துவிட்டார். அவர் படியிறங்கும்போது யாரோ கை தட்டினார்கள். ஒருவர் தட்டியதும் வரிசை முழுவதும் தட்டியது. கோலுக்குத் தட்டுகிற அதே கைகள். சிலை அவரை இரும்புக் கதவு வரைக்கும் கொண்டுபோய் விட்டாள். கதவு சாத்தும் முன் அவர் திரும்பினார். கோபமாக ஏதாவது சொல்லப்போகிறார் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஸ்கோரை இனிமே உனக்கு யாரு சொல்லுவா?” என்றுதான் கேட்டார்.

அடுத்த வாரம் அரங்கம் மூடப்பட்டது. ஊரும் மூடப்பட்டது.

மூடிக் கிடந்த மாதங்களில் பார்க்க ஆள் இல்லாமல் ஆட்டங்கள் நடந்தன, தொலைக்காட்சிக்காக மட்டும். சில காவலாட்களைக் கூப்பிட்டார்கள், சிலையும் போனாள். பழைய இடத்தில் நின்றாள். எதிரே வெறும் பிளாஸ்டிக் நாற்காலிகள். பந்தில் கால் படும் சத்தம் கேட்டது, ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் திட்டுவது தெளிவாகக் கேட்டது. “இப்ப திரும்பிப் பாரேன், யாரு கேக்கப்போறா?” என்று மேற்பார்வையாளரே சொன்னார். அவளுக்குக் கழுத்து திரும்பவில்லை. எட்டாவது வரிசையின் ஓர நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டில் கணவர் தினமும் மாலையில் இறப்புச் செய்திகளைக் கேட்பார். வானொலி எந்த மருத்துவமனையின் பெயரைச் சொன்னாலும் அங்கே ஒரு கட்டிலில் தச்சர் படுத்திருப்பதாக அவளுக்குத் தோன்றும். முப்பது வருடத் தூள் நிறைந்த நெஞ்சு எத்தனை நாள் தாங்கும்? சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், வாய்க்குப் போகாது.

“பேரும் தெரியாது, வீடும் தெரியாது. அந்த ஆளுக்காக இப்படி இளைச்சுப் போறியே!” என்பார் கணவர்.

“நான்தானே கதவைச் சாத்தினேன்.”

“நீ சாத்தலைன்னா வேற ஒருத்தி சாத்தியிருப்பா.”

“அந்த வேற ஒருத்திக்கு அது மரத்தூள்னு தெரியாது இல்ல?”

கணவர் எழுந்து வானொலியை அணைத்தார்.

அரங்கம் திரும்பத் திறந்தபோது முதலில் கால்வாசிப் பேரைத்தான் விட்டார்கள். ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில் சிவப்பு நாடா. எட்டாவது வரிசை ஓரத்திலும் நாடா ஒட்டியிருந்தது. அன்றைக்கு அது அவளுக்கு ஒருவகையில் நிம்மதியாகவே இருந்தது. வரக்கூடாது என்று இருக்கும்போது வராததில் தப்பில்லை அல்லவா?

பிறகு நாடாவைக் கிழித்தார்கள். அரங்கம் நிரம்பியது. வெளியே வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள். டிக்கெட்டைக் கிழிக்கும் பையன்களுக்குக் கை கொடுத்தார்கள். சிலை தன் இடத்தில் போய் நின்றாள். அத்தனை பேரும் முகக்கவசம் போட்டிருந்தார்கள். அவள் நம்பியிருந்த வாய்கள் ஒன்றுகூடத் தெரியவில்லை. வெறும் கண்கள், ஆயிரம் ஜோடி. முதல் கோல் விழுந்தபோது அவள் ஒரு மூச்சு பிந்திவிட்டாள். கூட்டம் பாய்ந்து இறங்கி அவள் முழங்கையைக் கம்பியில் நசுக்கியது. அடுத்த வாரமே புருவங்களைப் படிக்கப் பழகிக்கொண்டாள். கூட்டத்தில் யாராவது இருமினால் எல்லாத் தலைகளும் விலகும். இவள் தலை மட்டும் அந்தப் பக்கம் நீளும்.

எட்டாவது வரிசை ஓரத்தில் இப்போது ஒரு கல்லூரிப் பெண் உட்கார்ந்திருந்தாள். சிலை டிக்கெட் கவுன்டருக்குப் போய் விசாரித்தாள்.

“பழைய ஆள் வருஷ பாஸைப் புதுப்பிக்கலை” என்றார் கவுன்டர்காரர்.

“ஏன்னு தெரியுமா?”

“புதுப்பிக்காத ஆளுங்க இந்த வருஷம் நிறையக்கா. சில பேரு விலை ஜாஸ்தின்னு. சில பேரு பயந்துகிட்டு. சில பேரு…” கவுன்டர்காரர் பேச்சை அப்படியே விட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அந்த மூன்றாவது ‘சில பேரு’ அவளுடனேயே வீட்டுக்கு வந்தது. தச்சுப் பட்டறை எதைக் கடந்தாலும் உள்ளே எட்டிப் பார்த்தாள். இழைப்புளிச் சத்தம் கேட்டால் நின்றாள். ஒரு பட்டறைக்காரர், “என்ன வேணும்மா? கட்டிலா, அலமாரியா?” என்று கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் ஒரு முக்காலி வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் ஏற்கெனவே இரண்டு முக்காலி இருந்தது. கணவர் மூன்றாவதையும் பார்த்தார், அவள் முகத்தையும் பார்த்தார். அதன் மேல் தண்ணீர்க் குடத்தை வைத்துவிட்டார்.

முகக்கவசங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. வாய்கள் திரும்பி வந்தன. கன்ட்ரோலுக்கு வரும் புகார்களும் பழைய புகார்களாயின: முன்னால் இருப்பவர் எழுந்து நிற்கிறார், பின்னால் இருப்பவர் காலை நீட்டுகிறார். எல்லோரும் எல்லாவற்றையும் மறந்துவிட்டதுபோல் இருந்தது. சிலை மட்டும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பு வரிசை வரிசையாகக் கண்ணை ஓட்டி, ஓர இருக்கையில் ஒரு கணம் நின்று, பிறகுதான் கம்பியைப் பிடிப்பாள்.

அரங்கம் திறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நல்ல காற்றடித்த ஒரு பிற்பகல். இரண்டாம் பாதியின் நடுவில் வாய்கள் சேர்ந்து திறந்தன. கூட்டம் பாய்ந்தது, அவள் தாங்கினாள், அடங்கியது. காதருகே வாக்கி-டாக்கி கரகரத்தது.

“பதினாலு, உன் பிளாக்குக்கு ஒரு மெசேஜ். புகார் மாதிரி தெரியலை. ஏதோ கிறுக்குன்னு நினைக்கறேன். விட்டுடவா?”

“படிங்க.”

“‘பதினாலாம் பிளாக்ல நிக்கற தங்கச்சிக்கு. ரெண்டுக்கு ஒண்ணு, நம்ம பக்கம் ரெண்டு. ரெண்டாவது கோல் சும்மா வெண்ணெய் மாதிரி இறங்குச்சு. நான் எதிர்ப்பக்கம் மேல் மாடிக்கு மாறிட்டேன். இங்க காத்து ஜாஸ்தி, இருமினா யாருக்கும் கேக்காது. பைனாகுலர்ல உன் முதுகு மட்டும்தான் தெரியுது.’ அவ்வளவுதான். யாரும்மா இது?”

சிலை எட்டாவது வரிசையின் ஓர இருக்கையைப் பார்த்தாள்.

“பதினாலு, கேக்குதா?”

“கேக்குது. தெரிஞ்சவர்தான்.”

“பதில் ஏதாவது சொல்லணுமா?”

அவள் குதிகால் தரையை விட்டு லேசாக எழுந்து, பாதி திரும்பி, நின்றது. எதிரே மேல் வரிசைகளில் சில பையன்கள் இன்னும் குதித்துக்கொண்டிருந்தார்கள், படிக்கட்டில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. குதிகால் பழைய இடத்துக்கு வந்தது. கண்ணைக் கூட்டத்தை விட்டு எடுக்காமலே சிலை இடது கையைப் பின்னால் கொண்டுபோனாள். முதுகில் இருந்த கொட்டை எழுத்துகளின் மேல், எதிர்ப்பக்க மேல் மாடிக்குத் தெரியும்படி, இரண்டு முறை தட்டினாள்.