படத்தில் பிடிபடாத நோ

வந்தவரிடம் முதல் நாளே "இது முழுசாகத் தீராது" என்று சொல்லிவிட்டு, அடுத்த மாதமும் அவரை வரச்சொல்லும் தொழில் என்னுடையது. நான் மட்டக்களப்புப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பிசியோதெரபிஸ்ட். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நோவோடு, வலியோடு வாழ்கிறவர்களுக்காகப் புதன்கிழமைகளில் ஒரு கிளினிக் நடத்துகிறோம். மயக்க மருந்து டொக்டர், மனநல ஆலோசகர், மருந்தாளர், மிஸி என்று நாங்கள் கூப்பிடும் தாதி, நான் என்று ஐந்து பேரும் ஒரே மேசையில் இருந்து ஒரே ஆளைப் பார்ப்போம். வாசிக்கிற உங்களுக்கும் ஒரு முதுகோ முழங்காலோ இருக்கும்தானே. ஆனபடியால் மிச்சத்தை நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

அஞ்சு பேர்

கிளினிக் தொடங்கிய முதல் மாதம். மண்டூரிலிருந்து கணபதிப்பிள்ளை அண்ணன் வந்தார். ஐம்பத்தெட்டு வயது, வயல்காரர், ஒன்பது வருடமாக முதுகு நோ. கதவைத் திறந்தவர் எங்களைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். ஐந்து முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கிளினிக் கொப்பியை நெஞ்சோடு அணைத்தபடி, திரும்பாமலே பின்பக்கமாக நடந்து வெளியே போனார்.

நான் எழும்பிப் பின்னால் போனேன். வெளியே வாங்குப் பலகையில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். வயலை மூத்த மகளின் பெயருக்கு எழுதிவிட வேண்டும் என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "என்ன அண்ணே, உள்ள வந்து இரிக்காம வெளிய வந்திட்டீங்க?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"ஒரு நோவுக்கு அஞ்சு பேர் இருக்கிறீங்க. ஒளிக்காமச் சொல்லுங்க தங்கச்சி, எனக்கு இன்னும் எத்தின நாள்?"

படங்கள்

ஏறாவூர் ஜெமீலா ராத்தா ஒரு பெரிய பையோடு வந்தார். கைத்தறி நெய்கிறவர். தோளில் தொடங்கிய நோ கழுத்து, முதுகு, இடுப்பு என்று உடம்பு முழுக்கப் பரவியிருந்தது. பைக்குள் எக்ஸ்ரேயும் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனைத் தாளும். எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார். எல்லாவற்றிலும் ஒரே முடிவுதான்: குறை ஒன்றும் இல்லை. போன இடமெல்லாம் அவருக்கு அதையே சொல்லியிருக்கிறார்கள். வீட்டிலும் அதைத்தான் சொன்னார்கள், கொஞ்சம் வேறு குரலில். வேலைக்குக் கள்ளம் என்று மாமியார் ஊருக்கே சொல்லிவிட்டாராம்.

டொக்டர் படங்களைப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் அடுக்கிப் பையில் வைத்துவிட்டு, "ராத்தா, உங்களுக்கு நோ இருக்கு. படத்தில தெரியாட்டியும் அது உண்மையான நோதான். நரம்புகள் சின்ன விசயத்துக்கும் பெரிசாச் சத்தம் போடப் பழகிட்டு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இன்னும் மருந்து எழுதவில்லை, ஊசி போடவில்லை. ராத்தா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். மிஸி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"இந்த ஒரு சொல்லக் கேக்கத்தான் டொக்டர் இவ்வளவு காலமும் பஸ் பஸ்ஸா ஏறித் திரிஞ்சன்."

நல்ல நாள்

அன்று வாங்கிலிருந்து ஒருவாறு உள்ளே வந்த கணபதிப்பிள்ளை அண்ணன், பிறகு ஒழுங்காக வந்தார். நான் அவருக்கு வேலை செய்யும் முறை ஒன்றைச் சொல்லிக் கொடுத்தேன். பதினைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு. நொந்தாலும் அப்படித்தான், நோகாவிட்டாலும் அப்படித்தான். மூன்று கிழமை நன்றாகப் போயிற்று. அடுத்த முறை மனைவி மட்டும் வந்தார். ஆள் படுக்கையில், பக்கம் திரும்பவே ஏலாதாம்.

"காலையில எழும்பி, 'இண்டைக்கு ஒண்டும் நோகல்ல புள்ள' எண்டு சிரிச்சார் மிஸ். மறுகா மண்வெட்டியத் தூக்கிக்கொண்டு வயல் வட்டைக்குப் போனவர்தான். பொழுதுபடும் மட்டும் வரம்பு கட்டிப்போட்டு, ரெண்டு பேர் புடிச்சுத்தான் கூட்டி வந்தாங்க" என்றார் மனைவி. ஒன்பது வருடம் செய்யாமல் விட்டதையெல்லாம் அந்த மனிதர் ஒரே பகலில் செய்து முடிக்கப் பார்த்திருக்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் மண்வெட்டியைத்தான் எடுத்திருப்பேன். எழும்பி நடக்கத் தொடங்கியதும் அவரே வந்து, போனில் பதினைந்து நிமிடத்துக்கு மணி வைத்துத் தரச் சொன்னார்.

"நோகுற நாளில நான் கவனமாத்தான் இருக்கன் தங்கச்சி. நோகாத நாள்தான் என்னக் கவுத்துப்போடுது."

இல்லாத கால்

கதிரவெளி யோகராசாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. யுத்தக் காலத்தில் மிதிவெடியில் போனது. அவருக்கு நோ அந்த இல்லாத காலில்தான். விரல்கள் உள்ளே மடங்கி, நகம் பாதத்தைக் குத்துகிறதாம். பைத்தியம் என்று சொல்லிவிடுவார்கள் என்று பயந்து மனைவி மலரிடம்கூட அவர் சொல்லவில்லை. எங்கள் ஆலோசகர் கதவைச் சாத்திவிட்டு ஒரு மணித்தியாலம் பேசிய பிறகுதான் அது வெளியே வந்தது. பிறகு உள்ளே கூப்பிட்டுச் சொன்னதும் மலர், "அப்ப நித்திரையில காலப் புடிச்சுக்கொண்டு முனகுறது இதாலயா?" என்று மட்டும் கேட்டார்.

இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. இரண்டு தொடைக்கும் நடுவில் கண்ணாடியை நிறுத்துவோம். இருக்கிற காலின் பிம்பம் அதில் விழும். பார்க்கிறவருக்கு இல்லாத கால் திரும்ப வந்தது போலத் தெரியும். கண்ணாடியைப் பார்த்தபடி இருக்கிற காலை அசைக்கச் சொல்வோம். வீட்டிலும் தினமும் செய்ய வேண்டும் என்றோம். மலர் அலுமாரிக் கதவிலிருந்த கண்ணாடியைக் கழற்றி அவருக்குக் கொடுத்துவிட்டார். முதல் இரண்டு கிளினிக்கிலும் ஒரு மாற்றமும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் பயம். நம்பிக்கை கொடுத்து ஏமாற்றிவிட்டேனோ என்று.

மூன்றாம் முறை. "இடது கால் விரல மெல்ல விரியுங்க, கண்ணாடியிலயே பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யோகராசா திடீரென்று அசையாமல் இருந்தார். கதிரையின் கையை இறுக்கிப் பிடித்தார். "என்னங்க, நோகுதா?" என்று மலர் கிட்டப் போனார். அவர் இல்லையென்று தலையாட்டினார். கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"இவ்வளவு காலமும் சுருட்டிப் புடிச்சுக்கொண்டிருந்த கால், மலர். இப்பதான் நீட்டினன்."

என் முறை

ஒருநாள் நான் கழுத்தைத் திருப்ப முடியாமல், உடம்பு முழுவதையும் திருப்பி நோயாளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடப் பயிற்சி ஒவ்வொன்றையும் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவள், ஒன்றைக்கூட வீட்டில் செய்வதில்லை. கடைசி ஆள் போனதும் மிஸி கதவைச் சாத்தினார், என்னை நோயாளரின் கதிரையில் இருத்தினார். மற்ற நால்வரும் எதிரே. கணபதிப்பிள்ளை அண்ணன் ஏன் பின்பக்கமாகவே நடந்தார் என்று அப்போதுதான் விளங்கியது. நான் என் கழுத்தெலும்பின் விபரங்களைச் சொல்லத் தொடங்க, ஆலோசகர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கழுத்து இருக்கட்டும் மிஸ். வீட்டில ஆரோட சண்டை?"

தறி

இது நாங்கள் பிழை விட்ட கதை. சரியாகச் சொன்னால், நான் விட்ட பிழை. ஜெமீலா ராத்தாவிடம், "கொஞ்ச நாளைக்குத் தறிய விடுங்க, தோளுக்கு ஓய்வு வேணும்" என்று சொன்னேன். சொன்னபடி கேட்டார். இரண்டு மாதத்தில் நோ கூடிவிட்டது. நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, கேட்டதற்கு மட்டும் பதில். டொக்டர் மருந்துக் குளிசையைக் கூட்டலாம் என்றார். மருந்தாளர் கூடாது என்றார். இருவரும் வாதாடிக்கொண்டிருக்க, ஆலோசகர், "ராத்தா, காலையில இருந்து பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் என்ன செய்யுறீங்க?" என்று கேட்டார். "கூரையப் பாத்துக்கொண்டு படுத்திரிக்கன்" என்றார் ராத்தா.

தறி ஆலையில் ஆறு பெண்கள். நாடா ஓடும் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்தி நாள் முழுக்கக் கதைத்துச் சிரிப்பார்களாம். அவர் வாய்விட்டுச் சிரிக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். அதைத்தான் நான் வெட்டிவிட்டிருந்தேன். அடுத்த கிழமை நானே அந்த ஆலைக்குப் போனேன். அவர் தறிக்கு முன்னாலிருந்த இருப்புப் பலகையை உயர்த்தி, முதுகுக்கு ஒரு தலையணை வைத்து, முதலில் இருபது நிமிடம் மட்டும் என்று தொடங்கினோம். இப்போது அரைநாள் நெய்கிறார். தோள் நோகத்தான் செய்கிறது. ஆலைக்குப் போன அன்று நான் மன்னிப்புக் கேட்டபோது, நூலை முடிந்துகொண்டே, கோபம் இல்லாமல் சொன்னார்.

"தோள் நோகுது எண்டுதான் மிஸ் உங்கக்கிட்ட வந்தன். நீங்க என்னையே நிப்பாட்டிப்போட்டீங்க."

ஏழு

எங்கள் கிளினிக்கில் வருகிற எல்லோரிடமும், பத்துக்கு எத்தனை நோ என்று கேட்டு எழுதுவோம். பத்து என்றால் தாங்கவே முடியாதது. கணபதிப்பிள்ளை அண்ணன் முதல் முறை ஏழு என்றார். ஒரு வருடம் கழித்தும் ஏழு என்றார். மிஸி எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். நான் டொக்டரைப் பார்த்தேன். ஒரு வருட வேலை, ஒரு இலக்கம்கூட இறங்கவில்லை. டொக்டர் பேனையை மூடிவைத்துவிட்டு, "அண்ணே, எங்களால ஒண்டும் செய்யேலாமப் போயிட்டு போல" என்றார் மெதுவாக.

அண்ணனுக்கு அது விளங்கவில்லை. கோயில் திருவிழாவுக்கு இந்த வருடம் நடந்தே போனதையும், இரண்டு இடத்தில் குந்தி இருந்து எழும்பியதையும், சின்ன மகளின் கலியாணத்தில் பந்தி பரிமாறியதையும் எங்களுக்குச் சொல்லத் தொடங்கினார். மனைவி நடுவில் புகுந்து, போனில் மணி அடித்ததும் சோற்று வாளியை மூத்த மருமகன் கையில் கொடுத்துவிட்டு இவர் கதிரை தேடிப் போனதைச் சொல்லிச் சிரித்தார். அப்படியென்றால் ஏன் இன்னும் ஏழு என்று டொக்டர் கேட்டார்.

"நோ அந்த ஏழிலதான் நிக்குது டொக்டர். நான்தான் இப்ப அதுக்குப் பக்கத்தில நிக்கிறதில்ல."

ஆக, வந்த நோவைப் பெரும்பாலும் வந்தபடியே திருப்பி அனுப்பிவிட்டு, அதைச் சுமந்து வந்த ஆளை மட்டும் கொஞ்சம் நிமிர்த்திவிடுவதைத்தான் நாங்கள் வைத்தியம் என்று சொல்லிக்கொள்கிறோம்.