கத்தரிக்காய் வெட்டிய மேசை

தாயைப் பறிகொடுத்த ஒருத்தியை, அந்தத் தாயின் நினைவுச் சமையலில் அடுப்பின் பக்கம் வரவிடாமல் நிறுத்தியவள் நான். சாதிக்காக நிறுத்தினேன். பிறகு என் மகளிடம் பொய் சொல்லி அதை மறைத்தேன்.

இதை இன்னும் மென்மையாகச் சொல்லவும் எனக்குத் தெரியும். இவ்வளவு காலமும் எனக்கு நானே அப்படித்தான் சொல்லி வந்தேன்... உங்களிடமாவது நேராகச் சொல்கிறேன்.

இலங்கையில் போர் முடிந்த மே மாதம் அது. டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில், எங்கள் வீடுகளில் தொலைபேசி அடித்தாலே எடுக்கப் பயந்தோம். என்னோடு துணி ஆலையில் ஒரே ஷிப்டில் வேலை செய்த சுகந்தியின் தாய், வன்னியில் ஷெல் விழுந்து இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. உடலைக் கண்டவர் யாருமில்லை. இப்படி உறவுகளை இழந்தவர்கள் எங்களுக்குள் பலர். எல்லோருக்குமாக மண்டபத்தில் ஒரு நினைவுநாள் வைப்பதென்றும், வருபவர்களுக்குச் சமைத்துப் போடுவதென்றும் முடிவாயிற்று. சமையல் என் பொறுப்பு.

"அக்கா, அம்மாவுக்குக் கத்தரிக்காய்ப் பால்கறி எண்டால் உயிர். அதை மட்டும் நான் வைக்கிறன்" என்றாள் சுகந்தி.

"ஓம், வா" என்றேன்.

அடுத்த நாளே பேச்சுக் கிளம்பியது. "ஊரிலை எங்கடை வளவுக்கை வராத சனம். இஞ்சை வந்து எங்களுக்குச் சமைக்கிறதோ?" என்றார் சமைக்க வருபவர்களில் மூத்தவரான பத்மா அக்கா.

"ஆலைக் கன்ரீனிலை ஆர் சமைச்சதெண்டு விசாரிச்சே சாப்பிடுறியள், அக்கா?" என்று கேட்டாள் இளையவளான ரஜினி.

"அது வேறை."

சுகந்தி சமைத்தால் ஒரு பகுதியினர் வரமாட்டார்கள். சமைக்காவிட்டால் ரஜினியும் கூட்டாளிகளும் வரமாட்டார்கள். அந்த வாரத்தில், அத்தனை சாவுக்குப் பிறகு, நாங்களும் இரண்டாக உடைவதா? எனக்குப் பயமாக இருந்தது.

ஆகவே ஒரு கோடு போட்டேன். சுகந்தி சமையலறைக்குள் வரலாம். ஆனால் காய் வெட்டும் மேசையோடு நிற்க வேண்டும். அதற்கு ஈடாக, அடுப்புப் பொறுப்பு பத்மா அக்காவின் தங்கைக்கு. இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டன. நீங்கள் இல்லாவிட்டால் எல்லாம் குழம்பியிருக்கும் என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

சுகந்தியிடம் மண்டபச் சமையலறை வாசலில்தான் சொன்னேன். "நீ வெட்டிக் குடு, ராசாத்தி. இந்த நேரத்திலை சனத்தைப் பிரிக்கக் கூடாது."

அவள் அடுப்பைப் பார்த்தாள். "சரி, அக்கா."

கத்தரிக்காய் முழுவதையும் அவளே வெட்டி உப்புத் தண்ணீரில் போட்டாள். வேறொருத்தி அள்ளிச் சட்டியில் போட்டாள். எல்லோரும் சாப்பிட்டோம். சுகந்தி சாப்பிடவில்லை.

சில நாட்களில் என் மகள் ஆரணி, ஜிம்னாசியம் என்று இங்கே சொல்லும் மேல்நிலைப் பள்ளியின் வரலாற்றுப் பாடத்துடன் வந்தாள். ஊரில் வரலாறு படிப்பித்தவள் நான், ஆவலோடு உட்கார்ந்தேன். அமெரிக்காவில் அடிமை வைத்திருந்த மாநிலங்களும் வைத்திராத மாநிலங்களும் மேற்சபையில் சமமாக இருந்த காலம். மிசூரியை அடிமை மாநிலமாகச் சேர்த்தால் தராசு சாயும். ஆகவே மேய்னை அடிமையில்லா மாநிலமாகச் சேர்த்தார்கள். மேற்கே கிடந்த நிலத்துக்கு வரைபடத்தில் ஒரு கோடு கீறினார்கள். மிசூரியைத் தவிர, கோட்டுக்கு வடக்கே அடிமைமுறை கூடாது, தெற்கே இருக்கலாம்.

"நாடு உடையாமல் காப்பாத்தினவை. கெட்டித்தனமான ஏற்பாடு" என்றேன். என் வாயால்தான் சொன்னேன்...

ஆரணி டெனிஷில் கேட்டாள், அந்த அடிமைகளிடம் யாராவது கேட்டார்களா என்று. கேட்ட கையோடு தமிழுக்கு மாறினாள். "அம்மா, அண்டைக்கு சுகந்தி அன்ரி ஏன் சமைக்கேல்லை? அவவின்ரை அம்மாதானே செத்தது?"

எங்கள் யாழ்ப்பாணத்திலும் மனிதரை அடிமைகளாக வைத்திருந்த காலம் உண்டு. யார் வைத்திருந்தார்கள், யார் அடிமைகளாக இருந்தார்கள் என்பதெல்லாம் படிப்பித்த எனக்குத் தெரியும். அதை அவளுக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னது இதுதான்: "அவவாத்தான் வேண்டாமெண்டவ. அழுகையிலை கை ஓடேல்லையாம்."

பிள்ளை நம்பினாள். நம்பியதோடு விட்டாளா? அடுத்த சனிக்கிழமை கடையில் சுகந்தியைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள். "அன்ரி, உங்களுக்குச் சமைக்க ஏலாமல் போனது எனக்கு விளங்குது. அம்மா சொன்னவ."

ஆரணியின் தோளுக்கு மேலால் சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் தள்ளுவண்டியின் பிடியை இறுக்கிக்கொண்டேன்.

"ஓம் பிள்ளை" என்றாள். "அண்டைக்கு எனக்கு ஏலேல்லை."

ஏன் அப்படிச் சொன்னாள்? பிள்ளையின் மனம் நோகக் கூடாதென்றா? என் மீது இரக்கமா? அல்லது, சொல்லி என்ன பயன் என்ற களைப்பா? நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

ஆரணி இப்போது ஓகூஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சனத்தைப் பிரியாமல் வைத்திருந்தவர் என் அம்மா என்று தோழிகளிடம் சொல்கிறாளாம். உண்மை தெரியும் நாளில் என் முகத்தை எப்படிப் பார்ப்பாள்? ஒவ்வொரு முறை அவள் அழைப்பு வரும்போதும் எனக்கு இந்தப் பயம்தான்.

வருடந்தோறும் வைக்கும் நினைவுநாளுக்கு இந்த வருடம் ஆரணியும் வந்திருந்தாள். சுகந்தி வழக்கம்போல் யாரும் சொல்லாமலே மேசைக்குப் போய்க் கத்தியை எடுத்தாள். ஆரணியும் பக்கத்தில் நின்று வெட்டினாள். அடுப்படியில் நின்ற என்னைப் பார்த்து, "அம்மா, இந்த முறையெண்டாலும் அன்ரி கறி வைக்கட்டுமே" என்றாள்.

அகப்பையை நீட்ட இரண்டு எட்டுப் போதும். என் கை அகப்பையோடு சட்டியிலேயே நின்றது. சுகந்தி நிமிரவில்லை.

"வேண்டாம் பிள்ளை" என்றாள். "எனக்கு வெட்டத்தான் விருப்பம்."

நான் கறியைத் துழாவினேன்.