ஏழு வாசல் கதையை ஒன்பது ஸ்பூலாகச் சுருக்கியவள்

1. பழுது எதுவும் இல்லை

கதை தீர்ந்துபோனது ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பதுக்கு. நேரம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். லாக் புத்தகத்தில் நானே எழுதியிருக்கிறேன்: "ஸ்பூல் 9 முடிந்தது. பழுது எதுவும் இல்லை." கீழே என் கையெழுத்து, அடிக்கோட்டோடு. என் வேலைக்காலத்தில் இதைவிடத் தவறான ஒரு வரியை நான் எழுதியதில்லை.

சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தின் ஸ்டோரில் அப்போது டெக்னீஷியனாக இருந்தேன். ஸ்டோர் என்றால் கடை அல்ல. பச்சைக் காயைச் சூட்டறையில் காயவைத்து, சலித்து, தரம் பிரிக்கிற கட்டடம். அங்கே இருபத்திரண்டு பெண்கள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வெடித்த காய், பூச்சிக்காய், நிறம் வெளுத்த காய் என்று ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்கள். அவர்களுக்கு எதிரே ஸ்டூலில் ஸ்பூல் சுற்றுகிற டேப் ரிக்கார்டர், அதன் பின்னால் ஆம்ப்ளிஃபயர், அதன் பின்னால் நான்.

டேப் 'டப் டப்' என்று சுற்றி நின்றதும் அவர்களில் ஒருத்தியான ராக்காயி கேட்டாள்: "என்ன டீச்சரு, அம்புட்டுத்தானா?"

நான் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்தவள் இல்லை. சுத்தமான கையெழுத்து இருந்ததால் அந்தப் பெயர்.

"ஆமாங்க அக்கா, முடிஞ்சுதுங்க. பொன்மாறன் ஜெயிச்சுட்டானுங்க."

"அவன் செயிச்சது கெடக்கட்டும். நாளைக்கு என்ன?"

நான் லாக்கில் கையெழுத்துப் போட்டு, அடிக்கோடு இழுத்தேன்.

மறுநாள் காலை ஒன்பது பேர் வந்தார்கள். மீதிப் பதின்மூன்று பேர், அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் பக்கத்திலேயே இருந்த அடுத்த தோட்டத்து ஸ்டோருக்குப் போய்விட்டார்கள். போடியில் ஏலம் விடப் போகவேண்டிய சரக்கு லாட் பாதிகூடப் பிரிக்கப்படவில்லை.

மேனேஜர் வாசலில் நின்று எண்ணிப்பார்த்தார். கோட்டயத்துக்காரர், கோபம் வந்தால் குரல் இறங்கும். "சரஸ்வதி, ஈ பெண்ணுங்க எவிடே?"

"அந்த ஸ்டோருக்குப் போயிட்டாங்களாட்டங்க சார்."

"கதை டேப்பில் இருந்தா ஆள் போகமாட்டாங்கன்னு சொன்னது நீயல்லே? லாட் போகலேன்னா உன்னோட ஆறு மாச ட்ரையலும் தீர்ந்நு. பின்னே எனிக்கு ஒண்ணும் செய்ய பற்றில்ல."

எங்கள் ஊர் மலையாளப் பக்கத்துச் சித்தூருக்குக் கிழக்கே. பாலிடெக்னிக் முடித்துவிட்டு மலைக்குக் கிளம்பியபோது அப்பா சொன்னார், "ஆறு மாசம் பாரு. ஆவுலீன்னா ஊட்டுக்கு வந்துரு சாமி." வீட்டுக்குப் போனால் கடலைக்காடும், ஏற்கெனவே ஜாதகம் பார்த்து வைத்திருந்த ஒருவரும் காத்திருந்தார்கள். ஆறாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

2. சூட்டறை ஸ்டுடியோ

அந்தப் பெண்கள் தூரம் நடந்து எங்கள் ஸ்டோருக்கு வந்ததற்கு ஒரே காரணம் முத்துப்பேச்சி. அவளும் காய் பொறுக்குகிறவள்தான். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லாருக்கும் கண் சொருகும் நேரத்தில், ஒன்றரை மணி நேரம் கதை சொல்வாள். மலைக்கு உள்ளே ஒரு ராஜ்யம், அதற்கு ஏழு வாசல், வாசலுக்கொரு காவல் பூதம், பறக்கிற குதிரையில் பொன்மாறன். ஏறக்குறைய ஒரு மாதம் நீளும் கதை. போன சீசனிலும் அதே கதைதான் சொன்னாளாம். இது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அவள் பிரசவத்துக்குப் போடிக்குப் போகவேண்டியிருந்தது. போவதற்குள் கதையைப் பதிவுசெய்துவிடலாம் என்று நான்தான் முன்வந்தேன். தகரக் கூரையில் மழை இரைந்ததால், நெருப்பு ஆறிய சூட்டறையில், காலித் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தோம். கனமான சுவர், எதிரொலி இல்லை. ஏலக்காய் நெடியில் எனக்குத் தும்மல் மட்டும் நிற்கவில்லை.

முதல் நாள் மைக்கைப் பார்த்ததும் அவள் அதைத் தள்ளிவைத்தாள். "ஆளில்லாம ஆருக்குச் சொல்ல? இந்தப் பெட்டி 'ம்' போடுமா?"

"நான் போடறனுங்க அக்கா."

"போடு. ஆனா தூங்கிக்கிட்டே போடக்கூடாது, சொல்லிப்புட்டேன்."

இருபத்துநான்கு நாள், இருபத்துநான்கு ஸ்பூல், எல்லாவற்றிலும் என் 'ம்'. கேட்டேன் என்று சொல்லமாட்டேன். ஒலியளவு மீட்டரின் முள் சிவப்புக்குப் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

3. பிளேடு

முத்துப்பேச்சி ஊருக்குப் போனபிறகு, கதையைத் 'திருத்துவது' என்று முடிவுசெய்தேன். யாரும் கேட்கவில்லை. சவர பிளேடும் ஒட்டு டேப்பும் வைத்துக்கொண்டு, முதலில் ஒரு பட்டியல் போட்டேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

தேவையற்றவை:
அ. முந்தின நாள் கதையை மறுபடி சொல்வது. தினமும்.
ஆ. படை கிளம்பும்போதெல்லாம் ஆயுதங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வது. (எந்நேரமும் பட்டியலோடு அலைகிறவள், இன்னொருத்தியின் பட்டியலை வெட்டினேன்.)
இ. குதிரை தண்ணீர் குடிப்பது. முப்பத்தோரு இடங்கள்.
ஈ. காவல் பூதத்தின் கேள்வியும் பதிலும். முதல் வாசலோடு போதும். மற்ற ஆறும் மேற்படி.
உ. சரஸ்வதியின் 'ம்', தும்மல்.

இருபத்துநான்கு ஒன்பதானது. என்னை நானே மெச்சிக்கொண்டேன். நல்லவேளையாக, வெட்டியதைத் தூக்கிப்போட எனக்கு மனம் வராது. துண்டுகளை நூல்கட்டைகளில் சுற்றி, எண் எழுதி, பிஸ்கட் டின்களில் அடுக்கிவைத்தேன்.

சுருக்கிய கதையை ஓட்டிய முதல் நாளே பொறுக்கிய காயின் எடை குறைந்தது. லாக்கில் எழுதினேன்: "மேகமூட்டம், வெளிச்சம் போதவில்லை." மறுநாள் நல்ல வெயில். எடை இன்னும் குறைந்தது. அன்றைக்கு எழுதினேன்: "வெயில், கண் கூச்சம்."

4. லயத்தில்

ஒன்பது பேர் வந்த அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் லயத்துக்குப் போனேன். ராக்காயி குழாயடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். என்னைவிட இரண்டு வயதுதான் கூடுதல். அந்த இரண்டு வயதையும் என்மேல் முழுசாகச் செலவழித்தாள்.

"கதை நல்லாத்தானுங்க இருந்துச்சு? என்ன கொறைங்க அக்கா?"

"கொறையா? நீ ஓட்டுனது கதையா, போடி பஸ்ஸா? ஏறுறதுக்குள்ள எறங்கச் சொல்லுது! குதிரை தண்ணி குடிக்கும்ல, அப்பத்தான் எங்க கை ஓடும். குதிரை பறந்துச்சுன்னா கை நின்னுபோகும். நீ தண்ணியே காட்டல. பறந்துகிட்டே இருந்தா எப்புடிக் காய் பொறுக்க?"

பக்கத்தில் இருந்தவள் சொன்னாள்: "காய்ச்சல்ல ஒருநா வரல. மறுநா வந்தா பொன்மாறனுக்குக் கலியாணமே முடிஞ்சுபோச்சு. பொண்ணு ஆருன்னுகூடத் தெரியல."

"ஆனா முடிவு உங்களுக்கு ஏற்கெனவே தெரியுமில்லீங்களா?"

ராக்காயி பாத்திரத்தைக் கவிழ்த்தாள். "முடிவுக்கு ஆரு வந்தா? நாளைக்கும் இருக்குல்ல, அதுக்கு வந்தோம். ஒன்பது நாள்ல தீர்த்துப்புட்ட. அந்த ஸ்டோர்ல கதை இல்ல, ஆனா வீடு பக்கம்."

திரும்பி வந்து லாக் புத்தகத்தைப் புரட்டினேன். சுருக்குவதற்கு முன்னால் இருந்த எடை, சுருக்கியபின் இருந்த எடை. எண்கள் ராக்காயி சொன்னதையே சொன்னதால், அவளை நம்ப வசதியாக இருந்தது. மறுநாள் விடிந்ததும் லயத்துக்கு ஆள் அனுப்பாமல் நானே போனேன்.

"திங்கக்கிழமை முழுசா வருமுங்க. ஒண்ணும் வெட்டாம."

"எத்தன நாளைக்கு?" என்றாள் ராக்காயி.

"இருபத்திநாலு நாளைக்குங்க."

"குதிரை?"

"முப்பத்தொரு எடத்துலயும் தண்ணி குடிக்குமுங்க."

"அப்பச் சரி. வாரோம்."

5. ஸ்பூல் நாலு

சனி ஞாயிறு பகல் முழுக்க உட்கார்ந்து துண்டுகளை ஒட்டினேன். ஐந்து ஸ்பூல் தயாரானது. மீதியை அன்றன்று ஒட்டிக்கொள்ளலாம். போட்டுக் கேட்டுப்பார்க்க நேரம் இல்லை. பட்டியல் இருக்கிறதே என்ற தைரியம்.

திங்கட்கிழமை இருபத்திரண்டு பேரும் வந்தார்கள். மூன்று நாள் நன்றாகப் போனது. என் முதல் தும்மலுக்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது. எடை பழையபடி ஏறியது. நான்காம் நாள் பொன்மாறன் இரண்டாம் வாசலுக்கு வந்தான். மேனேஜரும் வந்து கதவோரம் நின்றார். முத்துப்பேச்சியின் குரல், "பூதம் எந்திரிச்சு..." என்றது. அதோடு சத்தம் நின்றுவிட்டது.

டேப் ஓடிக்கொண்டிருந்தது. மீட்டர் முள் அசையவில்லை. எனக்கு உடனே விளங்கியது. வாசல் துண்டுகள் ஆறையும் நூல்கட்டையில் சுற்றியபோது எந்த முனை முதல் என்று குறிபோடவில்லை. தலைமாற்றி ஒட்டியிருக்கிறேன். டேப்பின் அகலத்தில் ஒரு பாதியில்தான் பதிவு. முனை மாறினால், ஒலியைப் படிக்கிற ஹெட்டின்மேல் ஓடுவது வெற்றுப் பாதி. பதினோரு நிமிடம் மௌனம், மேனேஜர் முன்னிலையில். நிறுத்துவதற்குக் கையை நீட்டினேன்.

"விடு டீச்சரு," என்றாள் ராக்காயி. முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், பூதத்தின் குரலில் கேட்டாள்: "உள்ள வாறவனே, வெளிய என்னத்த விட்டுட்டு வந்த?"

இருபத்தோரு பேர் ஒன்றாகப் பதில் சொன்னார்கள்: "ஊர விட்டேன், ஒறவ விட்டேன்!"

அது முதல் வாசலின் பதில் அல்ல. முதல் வாசலில் ஊர் மட்டும்தான். ஒவ்வொரு வாசலிலும் அவன் விட்டுவந்த ஒன்று கூடிக்கொண்டே போகும். நான்தான் 'மேற்படி' என்று எழுதிவைத்தவள்.

பிறகு வரிசையாக, தாங்கள் விட்டுவந்ததை ஆளுக்கொன்று சொன்னார்கள். முத்துப்பேச்சி சொல்லும்போதும் இந்த இடத்தில் இதுதான் வழக்கமாம். சூட்டறையில் அவளுக்கு எதிரே நான் ஒருத்திதான் இருந்தேன். அவள் நிறுத்திப் பார்த்தபோதெல்லாம் 'ம்' என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். ஒருத்தி சின்னமனூரில் வேப்பமரத்தை விட்டுவந்திருந்தாள். ஒருத்தி தங்கச்சியை. ராக்காயி, "போடியில ஒரு செவலக் கன்னுக்குட்டிய விட்டேன்" என்றாள். சிரித்தார்கள். ஒரு கைகூட நிற்கவில்லை. மேனேஜர் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் போய்விட்டார்.

வரிசை முடிந்து, இருபத்திரண்டு முகமும் என் பக்கம் திரும்பியது.

"சித்தூர்ல ஒரு சைக்கிள விட்டனுங்க," என்றேன்.

"ம்," என்றார்கள்.

லாட் தேதிக்குப் போய்ச் சேர்ந்தது. நானும் ஊருக்குப் போகவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டுதான். வெட்டுவதற்குமுன் டேப்பின் தலைமுனையில் குறிபோடுங்கள். 'மேற்படி' என்று எழுதுவதற்குமுன் காதால் கேளுங்கள்.

மற்ற ஐந்து வாசல் துண்டுகளைச் சரியாகத் திருப்பி ஒட்ட எனக்கு நேரம் இருந்தது. அவர்கள் சொல்வதற்காகத் தலைமாற்றியே ஒட்டினேன். அந்த நான்காம் நாள் லாக்கில் எழுதியது இதுதான்: "ஸ்பூல் 4. பதினோரு நிமிடம் டேப்பில் சத்தம் இல்லை. பழுது எதுவும் இல்லை."