இருமல் நின்றபோது பயந்தவர்

றாஸிக் டொக்டர் மௌத்தாகிவிட்டார் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மரண அறிவித்தல் வந்தபோது நான் கடையில் பாண் வாங்கிக்கொண்டிருந்தேன். பாணை அங்கேயே மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

எண்பதுகளில், கல்முனைக்குடியில் அவருடைய டிஸ்பென்சரியில் மருந்து கலக்கிக் கொடுத்தவன் நான். அப்போது சனம் மருந்துக்கு வீட்டிலிருந்தே போத்தல் கொண்டுவரும். தடிமனும் இருமலுமாக வந்தால் மூச்சைக் கவனிப்பார், நெஞ்சின் இரண்டு பக்கமும் குழாய் வைத்துக் கேட்பார், பெரும்பாலும் வெறும் போத்தலோடு அனுப்பிவிடுவார். "இருமல் கொஞ்சம் இரிக்கட்டும். அது சளிய வெளிய தள்ளுது. மூச்சு வாங்கினா மட்டும் ஓடி வாங்க" என்பார். இதை வாசிக்கும் ஊர்ச் சனங்களே, அப்படித் திரும்பிய உங்களில் பலர் மருந்து கலக்கும் என்னைத்தான் முறைத்தீர்கள்.

ஒருநாள் மத்தியானம் ஸபீனா என்ற தாய் மூன்று வயது மகனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளை விடாமல் இருமினான். காய்ச்சல் இல்லை, மூக்கும் ஒழுகவில்லை.

"இருமல் தொடங்கக்குள்ள புள்ள என்ன செஞ்ச?" என்று டொக்டர் கேட்டார்.

"கச்சான் கொட்ட திண்டுக்கிட்டு ஓடித் திரிஞ்சான். பொரையேறின. அதுக்குப் புறகு ஒரே இருமல்தான்."

அவர் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இருமல் அடங்கிவிட்டது. பிள்ளை சிரித்தான்.

"அல்ஹம்துலில்லாஹ், நிண்டுட்டு. நாங்க போறம்" என்று அவள் எழுந்தாள்.

டொக்டரின் முகம் மாறிவிட்டது. "இருங்க தங்கச்சி. நிண்டதுதான் எனக்குப் பயமா இரிக்கி. வலப்பக்கம் காத்துப் போற சத்தம் கொறைவு. கச்சான் உள்ளுக்க இரிக்கி. இடம் மாறினா மூச்ச அடைச்சிரும். இப்பவே கொழும்புக்குக் கொண்டுபோகணும்."

செய்தி கேட்டு வந்த அவளுடைய கணவர், "விளையாடுற புள்ளையக் கொழும்புக்குக் கொண்டுபோறதா?" என்று சத்தம்போட்டார். டொக்டர் வாக்குவாதப்படவில்லை. குழாயை அவருடைய காதில் மாட்டி, பிள்ளையின் நெஞ்சில் இரண்டு பக்கமும் கேட்கவைத்தார். மனிதர் திரும்பவும் ஒருமுறை கேட்டார். பிறகு மனைவியிடம் மெதுவாக, "வா புள்ள, போவம்" என்றார். டிஸ்பென்சரியைப் பூட்டச் சொல்லிவிட்டு டொக்டரும் அவர்களோடு காரில் ஏறினார்.

கொழும்பில் சுவாசக்குழாயிலிருந்து பாதிக் கச்சான் பருப்பை எடுத்தார்கள். அந்தப் பிள்ளை நேற்று டொக்டரின் ஜனாஸாவைத் தோளில் சுமந்து வந்தான். அவனைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மருந்துகளின் பெயர்கள் பாதி மறந்துபோயின. அவருடைய அந்தப் பயம் மட்டும் என்னிடம் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் இருமினால் நான் பதறுவதில்லை. இருமிக்கொண்டிருந்த பிள்ளை சட்டென்று அமைதியானால்தான் எழுந்து போய், முதுகில் இரண்டு பக்கமும் காதை வைத்துக் கேட்கிறேன்.